வாளையாருக்கு அந்தப் பக்கம் ஹாஸ்டல்: நெட் முதல் சார்ஜர் வரை கோளாறு பார்க்கும் வழி

ஒவ்வொரு வருஷமும் கல்லூரி திறக்கும்போது கோயம்புத்தூர், பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்திலிருந்து பிள்ளைகள் எல்லையான வாளையாரைத் தாண்டி, கேரளத்தின் பாலக்காட்டு ஹாஸ்டல்களுக்கு வந்து சேர்கிறார்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் என்று இங்கேயே பிறந்து வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளும் அதே அறைகளில் சேர்கிறார்கள். முதல் வாரத்திலேயே நெட் தகராறு தொடங்கிவிடும். சிக்னல் போதவில்லை என்று எக்ஸ்டெண்டர், அதுவும் சரிவரவில்லை என்று ரூட்டர், அப்புறம் ஒரு டாங்கிள், ஒரு புது சிம். வீட்டிலிருந்து வந்த பணம் இப்படித்தான் கரைகிறது. வாங்கியதில் பாதிக்கு மேல் தேவையே இருக்காது. சிலது பக்கத்து அறைக்காரரின் நெட்டையும் சேர்த்துக் கெடுக்கும். எந்த இடத்தில் அறுந்திருக்கிறது என்று கண்டுபிடித்த பிறகுதான் பர்ஸைத் திறக்க வேண்டும். கண்டுபிடிக்கப் பெரும்பாலும் காசே ஆகாது.

எதையும் தொடும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். பக்கத்து அறையிலும் இதே பிரச்சினையா, நமக்கு மட்டுமா? நம்முடைய போன், லேப்டாப் இரண்டிலுமா, ஒன்றில் மட்டுமா? எல்லாத் தளமும் திறக்கவில்லையா, ஏதோ ஒன்று மட்டுமா? மாடி முழுக்கப் போயிருந்தால் உங்கள் லேப்டாப்பை எத்தனை தடவை ரீஸ்டார்ட் செய்தும் பயனில்லை, கம்ப்யூட்டர் சென்டருக்குச் சொல்ல வேண்டியதுதான். உங்கள் லேப்டாப்பில் மட்டும் என்றால் மேலே படியுங்கள்.

வைஃபை பெயரே பட்டியலில் வரவில்லை

அறைத் தோழரின் போனில் தெரிகிற பெயர் உங்கள் லேப்டாப்பில் தெரியவில்லை என்றால், முதலில் ஏரோப்ளேன் மோடு தெரியாமல் அழுத்தப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லை என்றால், லேப்டாப் பழையதாக இருந்து 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டும் பிடிக்கக்கூடியதாக இருக்கலாம். ஹாஸ்டலில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஓடினால் அந்த லேப்டாப்புக்கு அது இல்லாத மாதிரிதான். அப்போது மட்டும் இரண்டு அலைவரிசையும் பிடிக்கும் யுஎஸ்பி வைஃபை டாங்கிள் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. வாங்கும்போது அட்டையில் 5 கிகாஹெர்ட்ஸ் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். மலிவானவற்றில் நிறைய 2.4 மட்டும்தான்.

இருவருக்குமே தெரியவில்லை, வரான்டாவுக்குப் போனால் வருகிறது என்றால் சுவர்தான் காரணம். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் கனமான சுவரைத் தாண்டும்போது சீக்கிரம் தேய்ந்துவிடும். கேரளத்தில் வெட்டுக்கல் சுவர்கள் கனமாகவே கட்டப்படுகின்றன. கான்கிரீட்டும் அப்படித்தான். அதற்கு மேல், வாசல் பக்கத்துச் சுவரில் இரும்பு பீரோவை நிறுத்தி வைத்திருப்போம். வரான்டாவில் இருக்கும் வைஃபை பெட்டியிலிருந்து வருகிற சிக்னலை அந்த பீரோ நேராக மறைக்கும். பீரோவை ஜன்னல் பக்கம் தள்ளி, மேசையை வாசல் பக்கம் இழுத்துப் பாருங்கள். எக்ஸ்டெண்டர் வாங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இதுதான். சொல்லப்போனால், லாகின் கேட்கிற ஹாஸ்டல் வைஃபையில் சாதாரண எக்ஸ்டெண்டர்கள் பெரும்பாலும் ஒழுங்காகச் சேரவே சேராது.

கனெக்ட் ஆகிறது, லாகின் பக்கம் திறக்கவில்லை

வைஃபையில் சேர்ந்ததும் ஒரு பக்கம் தானாகத் திறந்து யூசர் நேம், பாஸ்வேர்டு கேட்கும் ஹாஸ்டல்களில் அதிகம் கேட்கிற புகார் இது. நீங்கள் கேட்ட தளத்துக்குப் போகும் வழியை மறித்து, தன் பக்கத்தைக் காட்டுவதுதான் ஹாஸ்டல் கருவியின் வேலை. இப்போதைய தளங்கள் இடையில் யாரும் படிக்க முடியாதபடி பூட்டிய இணைப்பில் வருவதால், மறிப்பதை பிரவுசர் திருட்டு என்று நினைத்து நிறுத்திவிடும். பூட்டில்லாத பழைய வகைத் தளம் ஒன்றைத் திறந்தால் லாகின் பக்கம் வந்துவிடும். இதற்காகவே நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் (neverssl.com) என்று ஒரு தளம் இருக்கிறது. புக்மார்க் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் வரவில்லை என்றால் விபிஎன் ஓடுகிறதா பாருங்கள், நிறுத்துங்கள். அடுத்து டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரை முகவரி எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடு. விளம்பரம் வராமல் இருக்க ஆண்ட்ராய்டில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்தில் யாரோ சொன்ன பெயரைப் போட்டு வைத்திருப்பீர்கள். அதை 'ஆட்டோமேட்டிக்' என்று மாற்றுங்கள். விண்டோஸில் 8.8.8.8 என்று கையால் போட்டிருந்தாலும் எடுத்துவிடுங்கள். லாகின் ஆவதற்கு முன் வெளி டிஎன்எஸ்ஸைப் பல ஹாஸ்டல்கள் விடுவதில்லை. அதனால் பெயர் எதுவும் முகவரியாக மாறாது, பக்கமும் வராது.

இன்னொன்று, அண்ணன் அக்கா பயன்படுத்திய பழைய லேப்டாப், டெஸ்க்டாப் கொண்டுவருகிறவர்களுக்கு. எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பில்லை' என்று சிவப்பாக வருகிறதா? தேதியைப் பாருங்கள். 2015, 2018 என்று ஏதாவது பழைய வருஷம் காட்டினால், மதர்போர்டில் இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்துவிட்டது. கரண்டு போய் வரும்போதெல்லாம் கடிகாரம் பின்னால் போய்விடுகிறது. தளங்களின் சான்றிதழ்கள் தேதியை வைத்துச் சரிபார்க்கப்படுவதால் எல்லாமே செல்லாது என்று தெரியும். தேதியைச் சரி செய்தால் உடனே திறக்கும், பேட்டரியை மாற்றினால் நிலைக்கும். டெஸ்க்டாப்பில் இது சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரி, வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

தினமும் புதிதாக லாகின் கேட்கிறது. 'கருவி எண்ணிக்கை முடிந்தது' என்கிறது

பெரும்பாலான ஹாஸ்டல்களில் ஒருவருக்கு இரண்டு அல்லது மூன்று கருவிகள் என்று கணக்கு உண்டு. கருவியை அவர்கள் அடையாளம் காண்பது அதன் மேக் முகவரியை, அதாவது வைஃபையில் அந்தக் கருவி காட்டும் தனி எண்ணை வைத்து. ஆனால் 2019ல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், 2020ல் வந்த ஐஓஎஸ் 14 முதல், போன்கள் தங்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து வேறொன்றைக் காட்டுகின்றன. கடைவீதியில் யாரும் நம்மைப் பின்தொடராமல் இருக்க அது நல்ல ஏற்பாடு. ஹாஸ்டலில் அந்த முகவரி மாறும்போதெல்லாம் உங்கள் பெயரில் இன்னொரு போன் வந்துவிட்டதாகக் கணக்கு ஏறும்.

ஹாஸ்டல் வைஃபை பெயரை அழுத்திப் பிடித்து அதன் செட்டிங்ஸுக்குள் போங்கள். ஆண்ட்ராய்டில் 'பிரைவசி' என்ற இடத்தில் 'போனின் மேக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஐபோனில் 'பிரைவேட் வைஃபை அட்ரஸ்' என்பதை நிறுத்துங்கள், புதிய ஐஓஎஸ்களில் 'ஃபிக்ஸ்டு' என்று வைத்தாலும் போதும். இந்த ஒரு வைஃபைக்கு மட்டும் மாற்றினால் போதும், மற்ற இடங்களில் மறைத்தே இருக்கட்டும். மாற்றிய பிறகு பழைய கருவிகளை அழிக்கச் சொல்லிக் கம்ப்யூட்டர் சென்டரில் ஒருமுறை கேட்க வேண்டியிருக்கும்.

பாஸ்வேர்டு சரிதான், ஏற்க மாட்டேன் என்கிறது

லாகின் பக்கம் இல்லாமல், வைஃபையில் சேரும்போதே யூசர் நேமும் பாஸ்வேர்டும் கேட்கும் வகை இது. எஜுரோம் அப்படிப்பட்டதுதான். இந்தியாவில் கல்வி நிறுவனங்களுக்கு நெட் கொடுக்கும் அரசு அமைப்பான எர்நெட் அதை நடத்துகிறது. அதில் சேர்ந்திருக்கும் ஒரு கல்வி நிறுவனத்தின் கணக்கு, சேர்ந்திருக்கும் வேறு நிறுவனத்திலும் வேலை செய்யும். கருத்தரங்குக்கு வெளியூர் போகும்போது அருமையாக இருக்கும். யூசர் நேமை முழுசாக, அட் குறியும் அதற்குப் பிறகு நிறுவனத்தின் பெயரும் சேர்த்துப் போட வேண்டும். பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான்.

அடுத்து 'சிஏ சர்டிஃபிகேட்' என்று ஒன்று கேட்கும். நீங்கள் சேர்வது உண்மையான வைஃபைதானா என்று போன் சரிபார்க்க உதவும் சான்றிதழ் அது. சரிபார்க்க வேண்டாம் என்று போடச் சொல்லிச் சீனியர்கள் சொல்வார்கள். போடாதீர்கள். அதே பெயரில் போலி வைஃபை ஒன்றை யாராவது பக்கத்தில் ஓட விட்டால் உங்கள் போன் கேள்வி கேட்காமல் அதனிடம் சேரப் போய்விடும். உங்கள் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்கத் தேவையானது அவர் கையில் கிடைத்துவிடும். அந்தப் பாஸ்வேர்டுதான் பெரும்பாலும் மின்னஞ்சலுக்கும், மதிப்பெண் பார்க்கிற இடத்துக்கும். கம்ப்யூட்டர் சென்டர் தருகிற சான்றிதழையோ, அவர்கள் சொல்கிற டொமைன் பெயரையோ கேட்டு வாங்கிப் போடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

பாஸ்வேர்டு மாற்றிய மறுநாள் கணக்கே பூட்டிக்கொள்கிறது என்று நிறையப் பேர் வருகிறார்கள். மேசை டிராயரில் கிடக்கும் பழைய போனோ, டேப்லெட்டோ பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு இரவெல்லாம் கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். சில தடவை தவறினால் சர்வர் கணக்கைப் பூட்டிவிடும். பாஸ்வேர்டு மாற்றும்போது எல்லாக் கருவியிலும் அந்த வைஃபையை 'ஃபர்கெட்' செய்துவிட்டுப் புதிதாகச் சேருங்கள்.

சேர்ந்திருக்கிறது, எதுவும் திறக்கவில்லை. மாடியில் சிலருக்கு மட்டும் இப்படி

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரு மாடியையே நாள் கணக்கில் படுக்க வைக்கும் கோளாறு இது. காரணமானவருக்குத் தான்தான் காரணம் என்று தெரியவும் தெரியாது.

முதலில் உங்கள் கருவிக்கு என்ன ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதற்குக் கொடுக்கப்படும் எண், கிடைத்திருக்கிறது என்று பாருங்கள். போனில் வைஃபை பெயரைத் தொட்டால் தெரியும். விண்டோஸில் கமாண்டு ப்ராம்ப்ட்டைத் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று அடியுங்கள். நெட் நன்றாக ஓடுகிற ஒரு நண்பரின் முகவரியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பிட்டால்தான் விளங்கும்.

169.254 என்று தொடங்கினால், முகவரி கொடுக்கும் சர்வர் உங்களுக்குப் பதில் சொல்லவில்லை, லேப்டாப் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். கேபிளில் இருந்தால் கேபிளை மாற்றிப் பாருங்கள். வைஃபையில் இருந்தால் ஃபர்கெட் செய்து மறுபடி சேருங்கள். பலருக்கும் அதே 169.254 என்றால் சர்வரில் முகவரிகள் தீர்ந்திருக்கலாம், சென்டருக்குச் சொல்லுங்கள்.

நண்பருக்கு 10 என்று தொடங்கும் முகவரி, உங்களுக்கு 192.168.0 அல்லது 192.168.1 என்று தொடங்கும் முகவரி. இதுதான் ஆள். யாரோ வீட்டு ரூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து சுவரில் இருக்கும் நெட் பாயிண்ட்டிலிருந்து வரும் கேபிளை அதில் தவறான துளையில் சொருகியிருக்கிறார். ரூட்டரில் வெளியிலிருந்து நெட் வாங்கும் துளை ஒன்று, அதற்கு 'வேன்' என்று பெயர். வீட்டுக் கருவிகளுக்குக் கொடுக்கும் 'லேன்' துளைகள் மூன்று, நான்கு. லேன் துளையில் சொருகிவிட்டால் அந்த ரூட்டர் மாடி முழுவதையும் தன் வீடு என்று எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் முகவரி கொடுக்க ஆரம்பிக்கும். ரேஷன் கடையில் உண்மையான டோக்கன் தருபவர் பக்கத்திலேயே இன்னொருவர் உட்கார்ந்து தன் டோக்கனை நீட்டுகிற மாதிரி. யார் முதலில் நீட்டினார்களோ அதை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறோம், நமக்குச் சாமான் கிடைப்பதில்லை. சிலருக்கு மட்டும் நெட் வருவதும், ரீஸ்டார்ட் செய்தால் ஒருமுறை வந்து ஒருமுறை வராததும் அதனால்தான்.

உறுதி செய்வது எளிது. ஐபிகான்ஃபிக் காட்டும் 'டீஃபால்ட் கேட்வே' முகவரியை, அதாவது வெளி நெட்டுக்குப் போகும் வாசலின் முகவரியை, பிரவுசரில் அடியுங்கள். ஏதாவது ஒரு வீட்டு ரூட்டர் கம்பெனியின் பக்கம் திறந்தால் சந்தேகமே வேண்டாம். அதற்குள் லாகின் செய்து எதையும் மாற்றப் பார்க்காதீர்கள், அது இன்னொருவர் பொருள். ஏஆர்பி என்ற கட்டளையை மைனஸ் ஏ சேர்த்து (arp -a) அடித்தால் அந்தக் கேட்வேயின் மேக் முகவரி தெரியும். அதைக் குறித்துக் கம்ப்யூட்டர் சென்டருக்கு அனுப்பினால், எந்தச் சுவிட்சில் எந்தத் துளை, அதாவது எந்த அறை என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியும். இப்படி யார் சொருகினாலும் பாதிக்காமல் தடுக்க, அவர்களின் சுவிட்சுகளிலேயே 'டிஹெச்சிபி ஸ்னூப்பிங்' என்ற வசதி இருக்கும். போட்டு வைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

அறை தெரிந்துவிட்டால், தயவுசெய்து கூட்டமாகப் போய்க் கத்தாதீர்கள். பெரும்பாலும் முதல் வருஷத் தம்பியோ தங்கச்சியோ, வீட்டில் அப்பா சொருகிக் கொடுத்த மாதிரியே இங்கேயும் சொருகியிருப்பார்கள். கேபிளை எடுக்கச் சொன்னால் போதும், அடுத்த சில நிமிஷங்களில் மாடி முழுக்க வந்துவிடும். சிலர் மட்டும் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள், அவர்கள் வைஃபையை அணைத்துப் போட வேண்டும்.

ரூட்டர் கொண்டுவரவே கூடாதா என்று கேட்பார்கள். ஹாஸ்டல் விதியில் இடம் இருந்தால், வேன் துளையில் சொருகி வைத்துக்கொள்ளலாம். என் அபிப்பிராயம், வேண்டாம். மேலே சொன்ன ஆபத்து ஒரு பக்கம். அறைக்கு ஒரு ரூட்டர் என்று வந்துவிட்டால் அலைவரிசை நெரிசலில் யாருக்குமே வேகம் கிடைக்காது. அடுத்த பிரச்சினை அதுதான்.

சிக்னல் முழுசாக இருக்கிறது, இரவானால் நகரவில்லை

இரவு சாப்பாடு முடிந்ததும் ஆரம்பிக்கும். சிக்னல் கோடுகள் பெட்டியிலிருந்து உங்களுக்கு வரும் சிக்னலின் பலத்தைத்தான் காட்டும், நெரிசலைக் காட்டாது. 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று முட்டாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. மாடியில் இருக்கிற ஒவ்வொரு ஹாட்ஸ்பாட்டும், ரூட்டரும், ப்ளூடூத் இயர்போனும் அதே இடத்தில் நெருக்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம். 2018 அக்டோபரில் மத்திய அரசு அந்தப் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸை உரிமம் வாங்காமல் பயன்படுத்தத் திறந்துவிட்ட பிறகு இன்னும் தாராளம். லேப்டாப் சோம்பலாக 2.4லேயே ஒட்டிக்கொண்டிருந்தால், டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரின் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் 'ப்ரிஃபர்ட் பேண்ட்' என்பதை 5 என்று மாற்றுங்கள். பயன்படுத்தாத ஹாட்ஸ்பாட்டை அணையுங்கள், அறைத் தோழரையும் அணைக்கச் சொல்லுங்கள்.

ஹார்ட் டிஸ்க் சொருகினால் மட்டும் வைஃபை விட்டுவிட்டு வருகிறதா? வயர்லெஸ் மவுஸும் துள்ளுகிறதா? யுஎஸ்பி 3 கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளப்பும். இன்டெல் நிறுவனமே 2012ல் இதை விளக்கி ஆவணம் வெளியிட்டது. ஹார்ட் டிஸ்க்கை நீளமான கேபிளில் தள்ளி வையுங்கள், அல்லது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள்.

அறையில் சுவர் பாயிண்ட் இருந்தால், நெட்டுக்காக முதலில் செலவிடத் தகுந்த பொருள் ஒரு நல்ல கேபிள்தான். கேட் 5இ அல்லது கேட் 6 போதும். கேட் 5இ கேபிளே 100 மீட்டர் வரை நொடிக்கு ஒரு கிகாபிட் கொண்டுபோகும். அதற்கு மேல் விலை கொடுத்துக் கேட் 8 வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள். லேப்டாப்பில் துளை இல்லை என்றால் யுஎஸ்பி லேன் அடாப்டர், அதுவும் யுஎஸ்பி 3 வகை. கேபிளில் இருந்தும் 100 மெகாபிட்டைத் தாண்டவில்லை என்றால் உள்ளே இருக்கும் எட்டுக் கம்பிகளில் ஒன்று அறுந்திருக்கலாம். 100க்கு நான்கு போதும், 1000க்கு எட்டும் வேண்டும். கேபிள் நன்றாக இருந்தும் விளக்கே எரியவில்லை என்றால் பாயிண்ட் உயிரோடு இல்லை. அதன் மேல் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துப் புகார் கொடுங்கள்.

போனில் கோடுகள் இருக்கின்றன, டேட்டா இல்லை

இது எல்லைக்காரர்களுக்கே உரிய பிரச்சினை. தொலைத்தொடர்பில் தமிழ்நாடு ஒரு வட்டம், கேரளா வேறு வட்டம். வாளையாரைத் தாண்டியதும் கோவையில் வாங்கிய சிம் ரோமிங்குக்குப் போய்விடும். பல போன்களில் 'டேட்டா ரோமிங்' அணைந்தே இருப்பதால் பேச முடியும், மெசேஜ் வரும், நெட் மட்டும் வராது. அதை ஆன் செய்யுங்கள். ரோமிங் என்றதும் காசு பிடுங்குவார்களோ என்று பயந்து வீட்டில் யாராவது அணைக்கச் சொல்லியிருப்பார்கள். இந்தியாவுக்குள் இப்போதைய வழக்கமான மாதாந்திர பேக்குகளில் ரோமிங்கும் அடங்கியே வருகிறது. உங்கள் பேக்கில் ஒருமுறை பார்த்துக்கொண்டு தைரியமாகப் போடுங்கள்.

எல்லைக் கோட்டை ஒட்டியே ஹாஸ்டல் என்றால் தொல்லை வேறு விதம். வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் பக்கமெல்லாம் போன் ஒரு நேரம் இந்தப் பக்க டவரையும் ஒரு நேரம் அந்தப் பக்க டவரையும் பிடித்து அலையும். மாறும்போதெல்லாம் அழைப்பு அறும், பேட்டரி மளமளவென்று இறங்கும். செட்டிங்ஸில் நெட்வொர்க் தேர்வை 'மேனுவல்' ஆக்கி, அறையில் பலமாக இருக்கும் பக்கத்தைப் பிடித்து வையுங்கள். ஊருக்குப் போகும்போது மறக்காமல் ஆட்டோமேட்டிக்குக்குத் திருப்ப வேண்டும், இல்லாவிட்டால் பாதி வழியில் போன் ஊமையாகிவிடும்.

கேரள சிம் வாங்க வேண்டுமா என்றால், அதற்காக மட்டும் வேண்டியதில்லை. அறையில் எந்தக் கம்பெனிக்கு டவர் நன்றாக இருக்கிறது என்பதுதான் கணக்கு. அறைத் தோழர்களின் போனை வைத்தே அது தெரிந்துவிடும். கம்பெனி மாற வேண்டும் என்றாலும் எண்ணை விட வேண்டாம். 2015 ஜூலையிலிருந்து வேறு வட்டத்துக்கும் அதே எண்ணோடு மாறலாம். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். பழைய சிம்மைத் தூக்கிப் போடாதீர்கள், ரீசார்ஜ் செய்யாமல் சாகவும் விடாதீர்கள். ஆதார், வங்கிக் கணக்கு, உதவித்தொகை எல்லாம் அந்த எண்ணில்தான் இருக்கும். ஓடிபி வராமல் உதவித்தொகை விண்ணப்பத்தைக் கடைசி நாளில் தவறவிட்ட பிள்ளைகளைப் பார்த்தால் மனசு தாங்காது.

அறைக்குள் டவரே இல்லை, வைஃபை மட்டும் இருக்கிறது என்றால் 'வைஃபை காலிங்'கை ஆன் செய்யுங்கள். சாதாரண அழைப்பே வைஃபை வழியாகப் போகும். ஆன் செய்தும் வரவில்லை, நண்பர் வீட்டு வைஃபையில் மட்டும் வருகிறது என்றால் ஹாஸ்டல் ஃபயர்வால் தடுக்கிறது. யுடிபி 500, 4500 என்ற இரண்டு போர்ட்டுகளைத் திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். இரவில் அம்மா அழைத்தால் எடுக்க முடிய வேண்டும், கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

டிவி ஸ்டிக், வைஃபை பிரிண்டர் போனுக்குத் தெரியவில்லை

கருவி பழுதில்லை. ஒருவர் கருவியை இன்னொருவர் நோண்டாமல் இருக்க, ஒரே வைஃபையில் இருப்பவர்களை ஒருவருக்கொருவர் தெரியாமல் ஹாஸ்டல்கள் பிரித்து வைக்கின்றன. அந்தப் பிரிப்பு அவசியமானது. படம் பார்க்க ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள் போதும். பிரிண்டர் வாங்கவே வேண்டாம். இங்க்ஜெட்டாக இருந்தால் ஓணம், கிறிஸ்துமஸ் விடுமுறையில் மை காய்ந்து அடைத்துக்கொள்ளும். கல்லூரி வாசல் கடையில் பிரிண்ட் எடுப்பதே லாபம்.

சார்ஜ் போடும்போது லேப்டாப்பைத் தொட்டால் சுர்ரென்கிறது

இதுவரை சொன்னவை நெட் சம்பந்தப்பட்டவை. இது உயிர் சம்பந்தப்பட்டது. உலோக உடல் லேப்டாப்பைத் தரையில் வெறுங்காலோடு நின்று தொட்டால் லேசாகக் குறுகுறுவென்று இருக்கும். சார்ஜருக்குள் இரைச்சலைக் குறைக்க வைத்திருக்கும் சின்னக் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறிய மின்சாரம் கசிகிறது. மூன்று பின் சார்ஜரில் அந்தக் கசிவு எர்த் வழியாக இறங்கிவிடும். எர்த் இல்லையென்றால் உங்கள் வழியாக இறங்கும்.

உங்களுடையது இரண்டு பின் சார்ஜர் என்றால் எர்த் தொடர்பே கிடையாது. லேசான குறுகுறுப்பு வரத்தான் செய்யும், செருப்புப் போட்டுக்கொண்டால் போதும். மூன்று பின் சார்ஜராக இருந்தும் சுர்ரென்றால், முதலில் சார்ஜரை வேறு அறைப் பாயிண்ட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே இல்லை, இங்கே மட்டும் என்றால் உங்கள் அறைப் பாயிண்ட்டில் எர்த் இல்லை. லேப்டாப் கசிவு ஆளைக் கொல்லாது. ஆனால் அதே பாயிண்ட்டில் நாளைக்கு உள்ளே வயர் உரிந்த அயர்ன் பாக்ஸைப் போட்டால் கொல்லும். ஆகவே அன்றைக்கே வார்டனிடம் சொல்லி எலக்ட்ரீஷியனை வரவழையுங்கள். நீங்களே பாயிண்ட்டைக் கழற்ற வேண்டாம், துளைக்குள் வயர் சொருகிப் பார்க்கவும் வேண்டாம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அடிக்கடி சூடாகிறது, கருகிய வாசனை வருகிறது என்றால் கணக்குப் போடுங்கள். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பாயிண்ட் தாங்குவது 1380 வாட். 65 வாட் லேப்டாப் சார்ஜர் பத்துப் போட்டாலும் தாங்கும். 1500 வாட் கெட்டில் ஒன்று போட்டால் தாண்டிவிட்டது. ஐஎஸ்ஐ முத்திரை உள்ள பாக்ஸாக வாங்குங்கள், ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் சொருகாதீர்கள்.

டைப் சி சார்ஜர் போட்டும் லேப்டாப் ஏறவில்லை என்றால் போன் சார்ஜரின் வாட் போதவில்லை, அல்லது கேபிள் போதவில்லை. சாதாரண டைப் சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் 5 ஆம்பியர் என்று எழுதிய கேபிள் வாங்க வேண்டும்.

இடி இடித்த மறுநாள் லேன் துளை வேலை செய்யவில்லை

செத்துப் போயிருக்கும், திரும்ப வராது. இந்த ஊர் இடியை லேசாக நினைக்காதீர்கள். சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும், ஐப்பசி, கார்த்திகையில் வரும் துலாவர்ஷத்திலும், அதாவது நம் வடகிழக்குப் பருவமழையிலும், மதியத்துக்கு மேல் கறுத்துக்கொண்டு வந்து இடிக்கும். துலாவர்ஷக் காலத்தில் மதியம் 2 மணி முதல் இரவு 10 மணி வரை இடிமின்னலுக்கு வாய்ப்பு அதிகம் என்று கேரள மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையம் எச்சரிக்கிறது. மின்கருவிகளின் இணைப்பை எடுத்து வைக்கவும் சொல்கிறது. எல்லோரும் சார்ஜரை உருவிவிட்டு லேன் கேபிளை மறந்துவிடுவார்கள். செப்புக் கம்பி எதுவானாலும் அதிர்ச்சியைக் கொண்டுவரும். வகுப்புக்குப் போகும்போதே இரண்டையும் உருவி வைத்துவிட்டுப் போங்கள். இடி தலைக்கு மேல் வந்த பிறகு கை வைக்காதீர்கள். சர்ஜ் ப்ரொடெக்டர் உள்ள பாக்ஸ் சின்ன ஏற்ற இறக்கத்துக்கு நல்லது, பக்கத்தில் விழும் இடிக்கு அதை நம்ப முடியாது.

எதிலும் அடங்கவில்லை என்றால்

புகார் எழுதுங்கள். 'நெட் வரவில்லை' என்று மட்டும் எழுதினால் அவர்கள் திரும்பக் கேள்வி கேட்டு, நீங்கள் பதில் சொல்லி, ஒரு வாரம் ஓடிவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்:

'வணக்கம் சார். இரண்டாம் மாடி, அறை எண் இது, சுவர் பாயிண்ட் எண் இது. நேற்று இரவு 9 மணியிலிருந்து லேப்டாப், போன் இரண்டிலும் நெட் இல்லை. எதிர் அறையிலும் இல்லை, முதல் மாடியில் இருக்கிறது. எனக்குக் கிடைத்த ஐபி முகவரி இது, கேட்வே இது, லேப்டாப்பின் மேக் முகவரி இது. கேபிள் மாற்றிப் பார்த்தேன், விபிஎன் இல்லை. மாலை 5 மணிக்கு மேல் அறையில் இருப்பேன்.'

பாஸ்வேர்டை மட்டும் எழுதாதீர்கள். கேட்டாலும் கொடுக்காதீர்கள், சரி செய்வதற்கு அது தேவையே இல்லை. ஆள் வருகிற நேரத்தில் லேப்டாப்பில் சார்ஜ் இருக்கட்டும், பீரோவுக்குப் பின்னால் பாயிண்ட் மறைந்திருந்தால் முன்கூட்டியே நகர்த்தி வையுங்கள்.